மலைக்குளிரில் வெள்ளைப் புகை: இன்ஜினை இறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

ஊட்டியை ஒட்டிய ஒரு காய்கறிக் கிராமத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். போன ஆகஸ்டில் மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் கடன் போட்டு 2018 மாடல் டீசல் பிக்கப் வாங்கினாராம். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும் என்பதால் காலை 4 மணிக்கெல்லாம் வண்டியை எடுத்தாக வேண்டும். மழைக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. பனி விழ ஆரம்பித்ததிலிருந்துதான் பிரச்சினை. நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் பற்றுகிறது, பற்றியதும் வண்டியே குலுங்குகிறது, வெள்ளைப் புகை லைன் வீடுகள் முழுக்கச் சூழ்ந்து கண் எரிகிறது. கால் மணி நேரம் ஸ்லோவில் ஓடவிட்டால்தான் அடங்குகிறது. அதே வண்டி மத்தியானம் மண்டியில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, புகையே இல்லை.

உள்ளூர் மெக்கானிக் "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும், 65,000 ஆகும்" என்கிறார். ஒரு நண்பர் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார். வண்டி நிற்பது தகரக் கொட்டகையில், அதன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மனைவியும் நாலு வயது மகளும் அம்மாவும் தூங்கும் அறை. மகளுக்கு ஒரு மாதமாக இருமல். பக்கத்து வீட்டுப் பாட்டி போலீசுக்குப் போவேன் என்கிறார். "புகைச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன தப்பு?" என்று கேட்கிறார் வாசகர். இன்ஜின் வேலை பார்க்கலாமா, வண்டியையே தள்ளிவிடலாமா, விற்றவரிடம் பணம் கேட்கலாமா என்பதுதான் அவருடைய குழப்பம்.

தம்பி,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து இன்ஜின் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ரிங் (நெருக்கிய காற்று நழுவாமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்) நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும் கடிதத்தைப் பார்த்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இன்ஜினை இறக்க வேண்டியதில்லை, ஒரு அரை நாள் வேலை போதும். அந்த அரை நாளைச் செலவழிக்காமல் 65,000 ரூபாய்க்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று மாலையே வண்டியை அந்தக் கொட்டகையை விட்டு வெளியே எடுங்கள். ரிப்பேர் அடுத்த வாரம் நடக்கட்டும், அடுத்த மாதம்கூட நடக்கட்டும், இது காத்திருக்கக் கூடாது. டீசல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு கம்மி என்று நம்மில் பலர் அலட்சியமாக இருக்கிறோம். பெட்ரோலோடு பார்த்தால் கம்மிதான், ஆனால் குளிர்ந்த இன்ஜின் அரைகுறையாக எரியும்போது அதுவும் வரும், கண்ணை எரிக்கும் ஆல்டிஹைடு ஆவிகளும் வரும், நுண்ணிய கரியும் வரும். மூன்று பக்கம் அடைத்த கொட்டகையில் கால் மணி நேரம் ஓடினால் அது போவதற்கு வழி கூரை இடுக்கும் உங்கள் அறை ஜன்னலும்தான். டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எத்தனை முறை வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகை அடங்கிவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் அது அறையில் இருக்கும்.

சாயங்காலம் லோடு ஏற்றியதும் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், சைலன்சர் வாய் தோட்டத்துப் பக்கம், திறந்த வெளியைப் பார்த்து இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தும் பாட்டி வீட்டிலிருந்தும் எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. பாப்பாவின் இருமல் புகையால்தானா என்று நான் சொல்ல முடியாது, அதற்குக் குழந்தை மருத்துவரிடம்தான் போக வேண்டும். போகும்போது "தினமும் காலையில் அறைக்குள் டீசல் புகை வருகிறது" என்பதையும் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர் அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

ஏன் காலையில் மட்டும்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கும் இன்ஜினில் நெருக்கிய காற்று 500 டிகிரிக்கும் மேலே போகும், டீசல் தானாகப் பற்ற அதில் பாதிச் சூடு போதும். கேட்டால் தாராளமாக மிச்சம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் உங்கள் ஊரில் ஜனவரி விடியற்காலை 4 மணிக்கு என்ன நிலைமை? உறைபனி விழும் பள்ளத்தில் வெப்பம் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே வரும் காற்றே ஜில்லென்று இருக்கும், சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் அதே குளிரில் கிடந்து, வருகிற சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் கெட்டிப்பட்டிருக்கும். பேட்டரி குளிரில் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். அதனால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் நெருக்கிய காற்று ரிங் சந்து வழியாக நழுவ நேரம் கிடைக்கும், இருக்கிற சூடும் போய்விடும்.

இதோடு உயரமும் சேர்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் ஊட்டியில் இருக்கிறது. காற்றை உள்ளே திணிக்க டர்போ இருக்கிறதே என்பீர்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் டர்போவால் ஒரு பிரயோஜனமும் இல்லை, சைலன்சர் பக்கம் வேகமாகப் போகும் வாயு இருந்தால்தான் அது சுற்றும். ஆகவே ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகள் உங்கள் இன்ஜின் மெலிந்த காற்றையும் குளிர்ந்த இரும்பையும் வைத்துக்கொண்டு தானே சமாளிக்க வேண்டும்.

அப்போது நாசில் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் பற்றும், கொஞ்சம் பற்றாமல் ஆவியாகி அப்படியே வெளியே போகும். அதுதான் அந்த வெள்ளைப் புகை. ஈர விறகை ஊதும்போது கண்ணைக் கரித்துக்கொண்டு வருமே, அதே கதைதான், எரிந்ததால் வருவதைவிட எரியாமல் போனதால் வருவதுதான் அதிகம். "வெறும் பனி ஆவிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். நீராவி என்றால் சைலன்சரை விட்டு வந்ததும் கரைந்துவிடும், கண் எரியாது. தரையோடு படர்ந்து நின்று கண்ணைக் கரிக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது டீசல்.

மத்தியானம் மண்டியில் வண்டி நல்லபடியாக ஸ்டார்ட் ஆவதை வைத்து நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்ல முடியாது. இறக்கம் முழுக்க ஓடி வந்த இன்ஜின், 30 டிகிரி வெயில், கெட்டியான காற்று. அங்கே பாதி செத்த இன்ஜினும் ஸ்டார்ட் ஆகும். என்றைக்காவது லோடு தாமதமாகி மேட்டுப்பாளையத்திலேயே ராத்திரி தங்க நேர்ந்தால், விடியற்காலையில் முதல் செல்ஃப் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அங்கே ராத்திரி முழுக்க நின்ற வண்டி ஒன்றிரண்டு செல்ஃபில் பெரிய புகை இல்லாமல் எடுத்தால், ரிங் போனது என்ற பேச்சுக்குப் பாதி வலு குறைந்துவிடும்.

எனக்குச் சந்தேகம் இருக்கும் இடங்கள்

முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக். குளோ பிளக் என்றும் சொல்வார்கள். சிலிண்டருக்கு ஒன்று, உங்கள் வண்டியில் நான்கு. சாவியை ஆன் பண்ணியதும் மீட்டரில் சுருள் கம்பி மாதிரி ஆரஞ்சு விளக்கு எரிகிறதே, அது எரியும்போது இந்த நான்கு பிளக்கின் முனையும் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்க வேண்டும். "அந்த விளக்கைப் பார்த்ததில்லை, சாவியைப் போட்டதும் செல்ஃப் அடித்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அது அணையும்வரை காத்திருங்கள். கடுங்குளிர் நாளில் ஒரு முறை அணைந்ததும் சாவியை ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணி, இரண்டாவது முறை அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். பிளக்குகள் நன்றாக இருந்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

வித்தியாசம் தெரியவில்லை என்றால் பிளக் செத்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. விளக்கு எரிவதால் பிளக் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, பல வண்டிகளில் அது வெறும் நேரக்கணக்கு. இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வண்டி மாதிரியான காமன் ரெயில் இன்ஜின்கள் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் போகும் ரகம்) சமவெளியில் ஹீட்டர் பிளக்கின் தயவே இல்லாமல் ஸ்டார்ட் ஆகிவிடும். 25 டிகிரியில் நான்கும் செத்திருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. வருடக்கணக்கில் கீழேயே ஓடிய வண்டி மலைக்கு வந்து முதல் பனிக்காலத்தைப் பார்க்கும்போதுதான் அந்தப் பழுது வெளியே வரும். ஆகஸ்டில் வாங்கிய வண்டி டிசம்பரில் திடீரென்று கெட்டுப்போகவில்லை, முன்பே இருந்த குறை இப்போதுதான் கண்ணில் படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சோதிப்பது எளிது. நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக் தலையிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வையுங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும். செத்த பிளக்கில் மீட்டர் அசையாது. நான்கும் நன்றாக இருந்தால், சாவியை ஆன் பண்ணும்போது பட்டைக்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள், வரவில்லை என்றால் ரிலே அல்லது ஃபியூஸ். ஸ்கேனர் இருக்கும் கடையில் ஹீட்டர் பிளக் கோளாறு பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: பிளக்கைக் கையில் எடுத்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். புது ரகப் பிளக்குகளில் சில அதைவிடக் குறைந்த வோல்ட்டுக்குச் செய்தவை, நல்லதையும் கருக்கிவிடுவீர்கள். அப்புறம் கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முறுக்கி உடைத்தால் முனை உள்ளே விழுந்து ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும், சில ஆயிரத்தில் முடியும் வேலை அப்போது நிஜமாகவே பெரிய வேலையாகிவிடும்.

இரண்டாவது சந்தேகத்துக்கு உங்கள் கடிதத்தில் வந்த ஒரு வரிதான் காரணம். "காலி வண்டியாக மேலே ஏறி வரும்போதும் டெம்பரேச்சர் முள் கால்வாசியைத் தாண்டாது, அந்த விஷயத்தில் வண்டி சூப்பர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு உறுத்தியது. பர்லியாறிலிருந்து குன்னூர்வரை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியின் முள் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும், அதுதான் ஆரோக்கியம். வராவிட்டால், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டியிருக்கும், அல்லது யாரோ அதைக் கழற்றியே போட்டிருப்பார்கள். கீழே வெயிலில் வண்டி ஹீட் ஆகிறது என்று போனால் சில இடங்களில் முதலில் செய்கிற காரியம் அந்த வால்வைப் பிடுங்கி எறிவதுதான். அங்கேயே அது தப்பான வைத்தியம். மலையில் அதன் விளைவு இன்னும் மோசம். தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும், இன்ஜின் சூடேறவே சூடேறாது, இரண்டு நிமிடத்தில் அடங்க வேண்டிய புகை கால் மணி நேரம் நீளும். டீசலும் கூடக் குடிக்கும். உங்கள் புகை ஏன் இத்தனை நேரம் நிற்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வால்வு மாட்டும் அன்றைக்கே ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கிறதா, உறையாமல் காக்கும் கூலன்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். உறைபனி விழும் ஊரில் வெறும் தண்ணீர் ஆபத்து. பாதிக்குப் பாதி கூலன்ட் இருந்தால் நம் மலைக்குளிர் அதை ஒன்றும் செய்யாது.

மூன்றாவது, பேட்டரியும் எர்த் கம்பியும். விடியற்காலையில் செல்ஃப் அடிக்கும் முன் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. கேரட் கழுவிய ஈர மூட்டைகளை ஏற்றி இறக்கும் வண்டிகளில் எர்த் கம்பி சேஸிஸில் சேரும் இடம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், மேலே பார்த்தால் கம்பி நன்றாக இருக்கும், போல்டைக் கழற்றினால் உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி இறுக்கினாலே செல்ஃபின் சத்தம் மாறும்.

ஆயிலும் மேனுவலில் சொன்ன கிரேடுதானா பாருங்கள். விடியற்காலையில், டீசலை ஏற்றிவிடும் பிரைமர் பம்பைக் கையால் அடித்துப் பாருங்கள், தொளதொளவென்று பல அடி வாங்கினால் ராத்திரியில் எங்கோ ஏர் ஏறுகிறது என்று அர்த்தம், டீசல் ஃபில்டர், ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஃபில்டர் அடியில் சேரும் தண்ணீரையும் திறந்துவிடுங்கள்.

ரிங் பற்றிய கேள்வி

மெக்கானிக் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. ரிங் தேய்ந்த இன்ஜினும் இப்படித்தான் காலையில் வெள்ளைப் புகை விடும். ஆனால் அதற்கு வேறு அறிகுறிகளும் கூடவே இருக்கும். இன்ஜின் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை அடிக்கும், பேக் கம்ப்ரெஷன் என்பார்களே, அது. ஆயில் குறைந்துகொண்டே வரும். ஏற்றத்தில் நீலப் புகை வரும், இழுவை குறையும். ஆயில் குறையவில்லை, மலைப்பாதை ஏறும்போது இழுவை நன்றாக இருக்கிறது என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கொஞ்சம் தித்திப்பான வாசனையோடு வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். உங்களுக்கு அதுவும் இல்லை.

முடிவாகச் சொல்ல வேண்டியது, சிலிண்டரில் நெருக்கிய காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரெஷன் கேஜ்தான். ஹீட்டர் பிளக்கைக் கழற்றும் அதே துளையில் கேஜை மாட்டி நான்கு சிலிண்டரையும் அளந்துவிடலாம், ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியும். ஆனால் ஊட்டியில் அளக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: கேஜ் குறைவாகத்தான் காட்டும். மேட்டுப்பாளையத்தில் 28 பார் (அழுத்த அலகு) காட்டும் நல்ல இன்ஜின், ஊட்டியில் 22 பார் அளவில்தான் காட்டும், உள்ளே வரும் காற்றே மெலிந்தது என்பதால். மேனுவலில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே வைத்து ஒப்பிட்டால் மலையில் இருக்கும் பாதி இன்ஜின்களை இறக்க வேண்டிவரும். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். மூன்று 22, ஒன்று 15 என்றால் மெக்கானிக் சொன்னது சரி, அந்தச் சிலிண்டரில் கோளாறு இருக்கிறது. நான்கும் 21, 22 என்று நின்றால் இன்ஜினைத் தொடாதீர்கள்.

நாசிலும் காரணமாக இருக்கலாம். சொட்டும் நாசில் காலையில் இதே மாதிரி குலுக்கும், புகையும். ரிட்டர்ன் வழியாக எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று நான்கு சிறு பாட்டிலில் பிடித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் செய்வார்கள். ஆனால் அது பிளக், தெர்மோஸ்டாட், பேட்டரி மூன்றும் சரியான பிறகும் புகை தொடர்ந்தால் மட்டும்.

தயவுசெய்து செய்யாதீர்கள்

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். காமன் ரெயில் பம்புக்கும் நாசிலுக்கும் டீசலில் இருக்கும் வழவழப்புதான் உயிர், மண்ணெண்ணெயில் அது கிடையாது. பம்ப் போனால் நீங்கள் பயப்படும் 65,000-ஐ அங்கேயே வைக்க வேண்டிவரலாம். கலப்படம் என்பதால் சட்டத்திலும் மாட்டுவீர்கள். பெட்ரோல் கலப்பது இன்னும் ஆபத்து. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே, அதாவது ஈதர், ஹீட்டர் பிளக் இருக்கும் இன்ஜினில் பழுக்கக் காய்ந்த முனையில் பட்டு நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் உடைந்த கதையெல்லாம் அப்படி வந்ததுதான். டேங்குக்கடியில் தீ மூட்டுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டை ஒட்டி நிற்கும் வண்டிக்கு அடியில் தீயா, அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக் கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது மலையில் எல்லோரும் செய்வதுதான், தெரியும். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி கிடையாது, பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கல் மாதிரி இறுகும். லோடோடு, விடியற்காலை இருட்டில், பனியில் ஈரமான ரோட்டில் அதைச் செய்யாதீர்கள்.

கால் மணி நேரம் ஸ்லோவில் ஓடவிட்டால் இன்ஜினுக்கு நல்லது என்று நினைக்கிறீர்கள். அது உண்மையில்லை, டீசல் இன்ஜின் ஸ்லோவில் லேசில் சூடேறாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். இப்படியே இரண்டு மூன்று பனிக்காலம் போனால் இன்றைக்கு இல்லாத ரிங் தேய்மானம் அன்றைக்கு வந்துவிடும். ஆயில் அழுத்த விளக்கு அணைந்து, ஓட்டம் சீராகி, பிரேக் மிதி வழக்கம்போல் இளகியதும் கிளம்புங்கள், ஒன்றிரண்டு நிமிடம் போதும். முதல் சில கிலோமீட்டர் ரேஸ் கொடுக்காமல் நிதானமாக ஓட்டுங்கள், ஓடும்போதுதான் சூடு ஏறும்.

பாட்டியும் புகைச் சான்றும்

புகைச் சான்று எடுக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்து, வரும் கரும்புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். உங்கள் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதிப்படி செய்த) வண்டிக்கு அது 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் இருக்க வேண்டும். சூடான இன்ஜினில் நடக்கும் சோதனை அது. காலை 4 மணிக்குக் குளிர்ந்த இன்ஜின் விடும் வெள்ளைப் புகையைப் பற்றி அந்தக் காகிதம் எதுவுமே சொல்வதில்லை. ஆகவே பாட்டியிடம் அதை நீட்டிக் காட்டாதீர்கள்.

புகை அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, லைசென்சுக்கு மூன்று மாதத் தடை என்று இருக்கிறது. அதோடு, குடியிருப்பு நடுவே தினமும் புகை சூழ்கிறது என்று பொதுத் தொல்லையாகவும் அவர் புகார் கொடுக்க முடியும். ஆனால் இது அந்த அளவுக்குப் போக வேண்டிய விஷயமில்லை. வயதானவர், பனிக்காலத்தில் ஏற்கெனவே மூச்சுக்குத் திண்டாடுபவர், தினமும் விடியற்காலையில் அவர் வீட்டுக்குள் எரியாத டீசல் போகிறது. அவர் கோபப்படுவது நியாயம். இன்றைக்கே போய், "பாட்டி, வண்டியை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தியிருக்கிறேன், இந்த வாரம் ரிப்பேர் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் நீங்களும் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைச் சொல்கிறது. இரண்டு வருடத்துக்குள் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழி இருக்கிறது. ஆனால் ஹீட்டர் பிளக்கும் தெர்மோஸ்டாட்டும் பழைய வண்டியில் மாற்றிக்கொண்டே இருக்கும் சாமான்கள், அதற்காக வழக்கு நிற்காது, அலைச்சல்தான் மிஞ்சும். கம்ப்ரெஷன் சோதனையில் இன்ஜின் நிஜமாகவே தேய்ந்திருப்பது தெரிந்து, விற்கும்போது "இன்ஜினுக்கு நான் பொறுப்பு" என்று எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லியிருந்தால் அப்போது பேசலாம், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரைக்கும் பழைய செய்திகளை அழிக்காமல் வையுங்கள், இன்ஜினையும் பிரிக்காதீர்கள். பிரித்த பிறகு எது முன்பே இருந்தது, எது பிரித்தபோது வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

வண்டியைத் தள்ளிவிடும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பனிக்காலத்தில் புகைந்துகொண்டு நிற்கும் வண்டிக்கு மலையில் யாரும் நல்ல விலை தர மாட்டார்கள், கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். "அண்ணா, இறக்கும் முன் பிளக்கையும் வால்வையும் பார்த்துடலாம், கம்ப்ரெஷனும் அளந்துடலாம்" என்று கேளுங்கள், நல்ல மெக்கானிக் மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு கடையில் அளந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் வாங்கும்போது அதன் மேல் எத்தனை டிகிரியில் திறக்கும் என்று பொறித்திருப்பது உங்கள் வண்டி மேனுவலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், அதன் கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்குங்கள். நான்கு சிலிண்டரின் எண்களும் கைக்கு வந்ததும் எந்த ஊரில் அளந்தது என்று சேர்த்து எழுதி அனுப்புங்கள், ரிங்கைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.